காந்தலூரின் படங்களும் வந்தவர் கணக்கும்

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில், ஆனைமுடிக்குக் கிழக்கே மழை மறைவுச் சரிவில், சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது காந்தலூர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். கேரளத்து ஆறுகள் மேற்கே அரபிக்கடலைப் பார்த்து ஓடும்போது, கிழக்கே திரும்பும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி அமராவதியில் சேர்கிறது. ஊரில் விளையும் பூண்டும் காய்கறியும் அதே திசையில் உடுமலைப்பேட்டைக்கு இறங்குவதுதான் பழைய வழக்கம். 2023இல் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தபோது காந்தலூருக்குத் தங்க விருது கிடைத்தது. அதன்பின் இங்குள்ள ஆப்பிள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பும் பயணியைப் பார்ப்பது அரிது. ஊர் இவ்வளவு படமாகியும், ஊர்க்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள், தங்களை யாரென்று எண்ணுகிறார்கள் என்பதற்கு அந்தப் படங்களில் பதில் கிடையாது. அதற்கு வீட்டுச் சுவரிலும் டிரங்குப் பெட்டியிலும் தேயிலைக் கம்பெனியின் அருங்காட்சியகத்திலும் பழைய இனவரைவியல் நூல்களிலும் கிடக்கும் படங்களைப் பார்க்க வேண்டும். எடுக்கப்படாமலே போன படங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த மலையில் எங்கிருந்தோ வந்து சேராத சமூகம் ஒன்றுகூட இல்லை. முனியறை என்று ஊரார் சொல்லும் மறையூர்க் கற்திட்டைகளைக் கட்டியவர்களை வேண்டுமானால் விட்டுவிடலாம். அவர்களைத் தம் முன்னோர் என்று உரிமை கொண்டாடி ஆவணம் காட்ட இன்று யாராலும் முடியாது. மற்ற எல்லோருமே வந்தவர்கள். ஆனால் ‘வந்தவர்’ என்ற முத்திரை எல்லோர்மீதும் ஒரேபோல் விழவில்லை. வந்ததற்குக் காகிதச் சாட்சி இருந்தவர்கள்மீது மட்டும் விழுந்தது. அந்தக் காகிதங்களில் ஒளிப்படமும் ஒன்று. கேமரா வருவதற்கு முன்பு வந்தவர்கள் பூர்வகுடிகள் ஆனார்கள். கேமராவோடு வந்தவர்கள் கூலிகள் ஆனார்கள். கேமராவைத் தாங்களே வைத்திருந்தவர்கள் துரைகளும் குடியேற்றக்காரர்களும் ஆனார்கள். குடும்ப வரலாற்றைப் படங்களைக் கொண்டு தேடும் ஆர்வம் இப்போது பரவலாக இருக்கிறது. நல்லதுதான். ஆனால் படம் இருப்பவர்களுக்குத்தான் வரலாறு என்று அது முடிந்துவிடக் கூடாது.

முதலில் படமில்லாத வருகைகள். அஞ்சுநாட்டு வெள்ளாளர் தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்கிறார்கள். காட்டில் வாழும் முதுவர்களும் மதுரையைத்தான் சொல்கிறார்கள். மீனாட்சியை முதுகில் சுமந்து காடு ஏறினோம் என்பது அவர்கள் வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏல்மர் மார்ட்டின் எழுதிக் கொடுத்து, எட்கர் தர்ஸ்டன் 1909இல் தம் நூலில் சேர்த்துக்கொண்ட குறிப்பிலும் இந்த மதுரை மரபு வருகிறது. பாண்டியர் தெற்கே வந்தபோதோ, போடிநாயக்கனூர் நாயக்கர் வசமானபோதோ இது நடந்திருக்கலாம் என்பது அதில் உள்ள ஊகம். இன்னும் வியப்பு, இந்த மலைகளுக்கு உடைமையாளராக இருந்த பூஞ்ஞாறு அரச குடும்பமும் தன்னைப் பாண்டிய வம்சம் என்றே சொல்லிக்கொள்கிறது. அங்கும் ஒரு மீனாட்சி கோயில் இருக்கிறது. ஆக நிலத்தின் அரசரும், நிலத்தை உழுதவரும், காட்டில் வாழ்ந்தவரும் ஒரே நகரத்தைத் தங்கள் தொடக்கமாகக் கொள்கிறார்கள். மூன்றும் உண்மையாக இருக்கத் தேவையில்லை. மதுரையிலிருந்து வந்தோம் என்பது ஒரு தகுதி. மலையில் வாழ்ந்தாலும் காட்டார் இல்லை என்று சொல்லும் வழி. ஒரு குடும்பம் பிற்காலத்தில் ஸ்டூடியோவில் வெள்ளை வேட்டியும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்து எதைச் சொன்னதோ, அதையே படம் இல்லாத காலத்தில் இந்தக் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தன. (காந்தலூர் என்ற பெயரைக் கேட்டதும் ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று சொல்லத் துடிப்பவர்கள் உண்டு. அது திருவனந்தபுரத்து வலியசாலைப் பக்கம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. பழமைக்கான ஆசை ஊர்ப்பெயரையும் விட்டுவைப்பதில்லை.)

அந்த மதுரை கேமராவுக்கு வந்த ஆண்டு நமக்குத் தெரியும். சென்னை அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மீனாட்சி கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்தார். கருவியும் கண்ணாடித் தட்டும் காகித நெகட்டிவும் மாட்டு வண்டி போகும் இடமெல்லாம் போயின. மலைக்கு வண்டிப்பாதை இல்லை. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டும் கானரும் இந்த மேட்டு நிலத்தை வரைபடத்தில் ஏற்றினார்கள். 1860களில் டக்ளஸ் ஹாமில்டன் பழனி மலைப் பகுதிகளை வரைந்தார். அதாவது அஞ்சுநாட்டுச் சுற்றுவட்டாரம் முதலில் கோடாகவும் பிறகு சித்திரமாகவும் அரசுக் காகிதத்தில் வந்தது. முகங்கள் வரவில்லை. மதுரையிலிருந்து வந்தோம் என்று சொல்பவர்களின் தொடக்க நகரத்துக்கு 1858லேயே படம் இருக்கிறது. அவர்கள் ஏறி வந்த பாதைக்கும் ஏறியவர்களுக்கும் இல்லை. இந்த இல்லாமை அவர்களுக்கு ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது. எப்போது வந்தாய் என்று கேட்டால் எந்த அதிகாரியாலும் தேதி காட்ட முடியாது. தேதி இல்லாதவரைப் பூர்வகுடி என்று ஒப்புக்கொள்வதுதான் அரசுகளின் வழக்கம்.

அடுத்து வந்தவர்களுக்கு அந்த நன்மை வாய்க்கவில்லை. 1877 ஜூலை 11ஆம் தேதி பூஞ்ஞாறு வலியராஜா கேரளவர்மா, ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குச் சுமார் 1,37,000 ஏக்கர் மலையை எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் அந்த நிலத்தின் பெயர் கண்ணன் தேவன் அஞ்சநாட்டு மலை. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. காப்பி, சின்கோனா எல்லாம் முயன்று கடைசியில் தேயிலை நிலைத்தது. திருநெல்வேலி, மதுரை வட்டாரங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். போடி வழியாகக் குரங்கணி ஏறி டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து எஸ்டேட்டுக்குப் பிரிந்து போனார்கள். கம்பெனி நவீன நிறுவனம். அது எல்லாவற்றையும் எழுதியது, பலவற்றைப் படமும் எடுத்தது. 1908இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கிய சிறு ரயிலுக்குப் படம் இருக்கிறது. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், அந்த ரயிலை அடித்துக்கொண்டு போன பெருவெள்ளத்தின் அழிவுக்கும் படம் இருக்கிறது. 2005இல் மூணாறு நல்லதண்ணியில் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய கருவிகளோடு பழைய படங்களையும் வைத்திருக்கிறார்கள்.

தோட்டப் படங்களைப் பார்க்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்தால் போதும், பாதி வரலாறு விளங்கிவிடும். துரைகள் நடுவில் நாற்காலியில், பெயரோடு. கணக்கர்களும் கங்காணிகளும் பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக. தொழிலாளிகள் பின்னணியில் கூடையோடு, சரிவின் அளவைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர்களைப்போல. இயந்திரத்துக்கு எந்தக் கம்பெனியுடையது என்று பெயர் இருக்கும், பாலத்துக்குப் பெயர் இருக்கும், சில சமயம் குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கும். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு இருக்காது. தொழிலாளிகள் குடும்பமாக வந்தவர்கள்தான். கணவன், மனைவி, பிள்ளை எல்லோருக்கும் வேலை என்பதுதான் தேயிலையின் கணக்கு. ஆனால் படத்தில் குடும்பம் கிடையாது, ஆள்கூட்டம்தான் உண்டு. இந்தத் தோட்டப் படங்கள் தொழிலாளியின் வருகைக்குச் சாட்சி சொல்கின்றன, அவர் தங்கியதற்குச் சாட்சி சொல்வதில்லை. மூன்று தலைமுறை, தொழிலாளர் வரிசை வீடான அதே லயத்தில் பிறந்து வளர்ந்து இறந்தாலும், கம்பெனிப் படத்தில் அவர்கள் எப்போதும் நேற்று வந்தவர்களாகவே நிற்கிறார்கள்.

முதுவர்களும் மலைப்புலையர்களும் வேறொரு கேமராவிடம் சிக்கினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், காலிப்பரும் கேமராவுமாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அளந்து ஏழு தொகுதி வெளியிட்டார். திருவிதாங்கூரில் எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளில் அதே வேலையைச் செய்தார். இந்த வகை நூல்களின் படங்களில் மனிதருக்குப் பெயர் இருக்காது, இனத்துக்கு மட்டும் இருக்கும். ‘முதுவன்’, ‘மலைப்புலையன்’ என்று அடியில் அச்சிட்டிருப்பார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூக்கின் அகலம் தெரியும்படி எடுப்பார்கள். அஞ்சுநாட்டு வெள்ளாளர் வயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் மலைப்புலையர்கள். வெள்ளாளக் குடும்பத்துக்குப் பெயர் இருந்தது, நிலம் இருந்தது. படம் பிறகு வந்தது. மலைப்புலையருக்கு முதலில் கிடைத்ததே படம்தான். அதில் பெயர் இல்லை, நிலமும் பின்னால் வரவில்லை. படம் இருந்தால் அடையாளம் உண்டு என்று நம்புகிறவர்கள் இந்த வரிசையைச் சற்று யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் ஆல்பத்துக்குள் அடங்கும் விவகாரமாக இருந்திருந்தால் பெரிதில்லை. 1953இல் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தபோது இது எல்லைக் கோடாக மாறியது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் பெரும்பான்மையாக உள்ள தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது. ஆணையம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைக் கொடுத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கொடுக்கவில்லை. புதிய கேரள மாநிலத்தின் பொருளாதாரத் தேவை ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்குள்ள தமிழர் பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்களால் ஆனது என்ற வாதம். ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவரான கே. எம். பணிக்கர் மலையாளி என்பதைத் தமிழ்ப் பக்கத்தில் அன்றும் இன்றும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ‘வந்து போகிறவர்’ என்ற வாதம் எடுபட்டதற்கு முக்கால் நூற்றாண்டுப் பதிவு பின்னால் இருந்தது என்பதுதான் முக்கியம். கங்காணிக் கணக்கும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடும் தோட்டப் படமும் ஒரே குரலில் ‘கூலி’ என்றன. அந்தக் கணக்கில் அஞ்சுநாட்டுத் தமிழரும் தாலுகா மொத்தத்தில் கரைந்துபோனார்கள். எஸ்டேட் தோன்றுவதற்கு முன்பே பத்திரத்தில் மலைக்குப் பெயர் கொடுத்த நாடு அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி காந்தலூர் கேரளத்தில் இருந்தது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்துக் காகிதத்தில் மலையாளம் என்ற வாழ்க்கை தொடங்கியது.

அதே ஆண்டுகளில் இன்னொரு வருகையும் நடந்தது. திருவிதாங்கூர்-கொச்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு கொண்டுவந்த உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தில், சமவெளி மலையாளக் குடும்பங்களுக்கு மறையூர், காந்தலூர் பக்கமெல்லாம் நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. காலனி என்ற பெயரோடு இன்றும் அந்த இடங்கள் இருக்கின்றன. யானையோடும் மலேரியாவோடும் போராடி அவர்களும் உழைத்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வருகை ‘குடியேற்றம்’ என்று கௌரவமாக எழுதப்பட்டது, தமிழ்த் தொழிலாளியின் வருகை ‘வந்து போதல்’ என்று எழுதப்பட்டது. தொழிலாளிக்கு அரை நூற்றாண்டு முன்னிருப்பு இருந்தும் இதுதான் நடந்தது. ஒருவர் கையில் பட்டா, இன்னொருவர் கையில் செக்ரோல் எண். காகிதத்தின் தன்மைதான் மனிதரின் தன்மையானது.

இப்போது வீட்டுப் படங்களுக்கு வருவோம். ஐம்பது, அறுபதுகளில் எடுத்த ஒரு தமிழ்க் குடும்பப் படத்தின் அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான். பின்னால் தூணும் திரைச்சீலையும், சில சமயம் ஏரியும் வரைந்த துணி. ஒரு பக்கம் பூச்சட்டி வைத்த உயர ஸ்டூல். குடும்பத் தலைவர் நாற்காலியில், இரண்டு உள்ளங்கையும் முழங்காலில். மனைவி பக்கத்தில் நிற்கிறாள், கை நாற்காலி முதுகில். மூத்த பையனின் சட்டை இரவல் வாங்கியது என்பது தோளில் தெரியும். கைக்கடிகாரம் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இதை உறவினர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். வரலாறு தேடுகிறவர் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்புறத்தில் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை, ஊர்ப்பெயர், நெகட்டிவ் எண் ஆகியவை இருந்தால் அதுதான் உண்மையான சாட்சி. ஒரு குடும்பம் நல்ல துணி உடுத்திக்கொண்டு படமெடுக்க எந்த ஊருக்குப் போனது என்பது, அது எந்தத் திசையைத் தன் ஊராக நினைத்தது என்பதைச் சொல்லும். உடுமலைப்பேட்டை முத்திரைக்கும் கோட்டயம் முத்திரைக்கும் இடையில் உள்ள தூரம் மலையின் இரண்டு சரிவு. 1956க்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பத்தின் அட்டைகளில் முத்திரை ஊர் மாறியிருந்தால், மாநில எல்லை வீட்டுக்குள் நுழைந்த காலத்தை ஏறக்குறையக் குறித்துவிடலாம். மாறாமல் இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். சந்தை, மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி எல்லாம் பழைய பக்கத்திலேயே இருந்திருக்கின்றன.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஸ்டூடியோப் படம் முழுக்க வேஷம். இரவல் சட்டையும் வரைந்த ஏரியும் வரலாற்றுக்கு என்ன ஆதாரம் என்பார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், இறந்த கணவனை உயிரோடிருக்கும் மனைவி பக்கத்தில் ஒட்டி அச்சிட்ட படங்களையும், தூரத்தில் இருக்கும் மகனைக் குடும்பத்தின் நடுவில் நிறுத்திய படங்களையும் எடுத்துக் காட்டலாம். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்களுக்கு இது வழக்கமான வேலை. உண்மைதான். ஆனால் வேஷம் என்பதாலேயே இது ஆதாரமாகிறது. யாரும் தாம் அல்லாத எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேஷமாகப் போடுவதில்லை. எதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள் என்பதில் தேர்வு இருக்கிறது. எஸ்டேட் கூடையோடு ஸ்டூடியோவுக்குப் போன தொழிலாளி யார்? கூடை கம்பெனிப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவருடைய சொந்தப் பணத்தில், சொந்த விருப்பத்தில் எடுத்த படத்தில் அவர் கூலியாக இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால், பிறர் எழுதிய அடையாளத்துக்கும் தாமே எழுதிக்கொண்ட அடையாளத்துக்கும் உள்ள வேறுபாடு எந்த விளக்கமும் இல்லாமல் தெரிந்துவிடும். ஒட்டுப் படமும் அப்படித்தான். ஊரில் பாதி, மலையில் பாதி என்று பிரிந்து கிடந்த குடும்பத்துக்கு, எல்லோரும் ஒன்றாக நின்ற ஒரே இடம் அந்த அட்டையாக இருந்திருக்கிறது. பெயர்வின் விலை என்ன என்பதை அதைவிடச் சரியாகச் சொல்லும் அரசு அறிக்கையை நான் படித்ததில்லை.

அதிகாரம் எடுத்த படமும் குடும்பத்தின் சொத்தாக மாற முடியும் என்பதற்கு மொரீஷியஸ் சான்று. அங்கே 1867ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம், ஒப்பந்தம் முடிந்த இந்தியக் குடியேறிகள் படம் ஒட்டிய பாஸ் வைத்திருக்க வேண்டும் என்றது. நோக்கம் போலீஸ் நோக்கம். தோட்டத்துக்கு வெளியே திரிகிறவரைப் பிடிப்பதற்கு. இன்று அந்தப் படங்கள் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழர் உட்பட அந்த நாட்டுக் குடும்பங்கள் கொள்ளுப்பாட்டனின் முகத்தைத் தேடி அங்கேதான் போகிறார்கள். காரணம் எளிது. அந்தப் படத்தோடு பெயரும் எண்ணும் ஊரும் கப்பலும் சேர்ந்து பதிவாகியிருக்கின்றன. இலங்கை மலையகத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. மீதி 1,50,000 பேர் கணக்கு 1974இல் பிரிக்கப்பட்டது. திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்துக்குள்ளேயே, கவி என்ற ஊரின் ஏலத் தோட்டங்களுக்கும் புனலூர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்தான் அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் படம். மொரீஷியஸோடும் மலையகத்தோடும் ஒப்பிட்டால் மூணாற்றுத் தொழிலாளியின் நிலை விசித்திரமானது. அவர் கடல் கடக்கவில்லை, எனவே பாஸ் இல்லை, பாஸ்போர்ட் இல்லை. அவர் கடந்த எல்லை அன்று சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் மாகாணத்துக்கும் இடையிலானது. அதைக் கடக்கப் படம் தேவைப்படவில்லை. கூட்டத்தில் ஒருவராகப் படமான அளவுக்கு அவர் தனி மனிதராகப் படமாகவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. எல்லோரும் வந்தவர்களே என்று சொல்வது எல்லோரையும் சமமாக்கிவிடும். நிலத்தை ஆண்டவரையும் அந்த நிலத்தில் அடிமைபோல் உழைத்தவரையும் ஒரே தட்டில் வைக்கும் தந்திரம் இது என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். முதுவருக்கும் மலைப்புலையருக்கும் காட்டின்மீதுள்ள உரிமை, அவர்கள் என்றைக்கு வந்தார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. எப்படி வாழ்ந்தார்கள், எதை இழந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் இருப்பதற்கான நியாயமும் அதுவே. என் வாதம் அந்த உரிமையைத் தொடுவதில்லை. ஒரு சமூகத்தின் கோரிக்கையை ‘நீ நேற்று வந்தவன்’ என்ற ஒரே சொல்லால் தள்ளுபடி செய்வதைத்தான் அது எதிர்க்கிறது. வருகைத் தேதி நியாயத்தின் அளவுகோலானால், தேதியை எழுதி வைத்த கம்பெனியே நீதிபதியாகிவிடும்.

அந்த அளவுகோல் இன்றும் வேலை செய்கிறது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்டது. முன்னோர் அந்தத் தேதிக்கு முன்பே கேரள எல்லைக்குள் குடியிருந்தார்கள் என்று காட்டினால்தான் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கு இங்கே சாதிச் சான்றிதழ். வீடு கம்பெனியுடையது; வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குடும்பத்தில் வேறு யாரும் வேலையில் இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். நிலப்பத்திரம் கிடையாது, வீட்டுவரி ரசீது கிடையாது. 1950க்கு முன் எடுத்த படம் இருந்தாலும், பின்னால் தேதியும் இடமும் இல்லாத படத்தைத் தாசில்தார் எதற்குப் பார்ப்பார்? 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபோது 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். தலைமுறைகள் கடந்தும் செய்திகளில் அவர்களுக்கு ஊர் கயத்தாறுதான். இறந்தவர்களின் முகங்கள் பத்திரிகையில் வரிசையாக வந்தன, ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் எடுத்த அளவில். 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமைப் பெண்களின் படங்கள் மட்டுமே இதற்கு விலக்கு. அந்தப் போராட்டத்தில்தான் தேயிலைப் பெண்கள் கேமராவை நேருக்கு நேர் பார்த்து, சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் பதிவானார்கள்.

ஸ்டூடியோக்கள் மூடிக்கொண்டிருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் போனபோது, பல இடங்களில் நெகட்டிவ்கள் ஏற்கெனவே வெள்ளிக்காக விற்கப்பட்டிருந்தன, கண்ணாடித் தட்டுகள் கழுவப்பட்டிருந்தன. உடுமலையும் போடியும் இதற்கு விதிவிலக்காக இருக்கக் காரணமில்லை. எனவே அச்சுப் பிரதிகளே மிச்சம், அவை வீடுகளில் இருக்கின்றன. அஞ்சுநாட்டு ஊர்க்கூட்டங்களும் பஞ்சாயத்து நூலகங்களும் இந்தப் படங்களை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து ஒரு தொகுப்பாக வைக்கலாம். முதுவர் குடிகளிலும் மலைப்புலையர் குடிகளிலும் இருப்பவர்களை உட்கார வைத்து, பழைய நூல்களில் பெயரின்றி அச்சான முகங்களில் யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று கேட்கலாம். தேயிலை அருங்காட்சியகம் தன் சுவரில் உள்ள படங்களை லயத்துக் குடும்பங்களுக்குக் காட்டி, கூடையோடு நிற்கிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதலாம். இவற்றுக்கு யாரும் வராவிட்டாலும் வீட்டில் உள்ளவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய பழைய படம் இருந்தால் கழற்றி, ஸ்டூடியோ முத்திரையை அழிக்காமல், பின்பக்கத்தில் படத்தில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும், பெண்களுக்குப் பிறந்த ஊரையும் சேர்த்து, தெரிந்தவரை ஆண்டையும் எழுதி வையுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அட்டையை அழுத்தி முகத்தின் பக்கம் தடம் விடும். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.